அப்பப்பாவின் வத்தை: தீவகத்துப் படகுப் பட்டறை ஒன்றின் 17 மாத வேலை

எங்கள் அப்பப்பா விறகும் நெல்லும் பனையோலையும் ஏற்றிய 32 அடி நீள வத்தை என்ற பாய்மரச் சரக்குத் தோணியை, குடும்பத்தோடு பாய் விரித்து ஓடக்கூடிய கலமாகத் திருத்தித் தரும் வேலையை யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் உள்ள ஒரு படகுப் பட்டறையிடம் 2022 மாசி மாதத்தில் ஒப்படைத்தோம். 9 மாதம் என்று சொல்லப்பட்ட வேலை 17 மாதத்தில் முடிந்தது; 14 இலட்சம் ரூபா என்ற மதிப்பீடு இருபத்தொன்றரை இலட்சத்தில் வந்து நின்றது. அதன்பின் இரண்டு பருவங்கள் அந்த வத்தையில் ஓடிவிட்டோம். வளவில் கவிழ்ந்து கிடக்கும் பழைய மரக்கலத்தை என்ன செய்வது என்று யோசிக்கும் குடும்பங்கள் இன்னும் சில இருப்பதால், பட்ட அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆணி பற்றிய விடயம் ஒன்று எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இன்னும் பேசி முடியாமல் இருக்கிறது. அது தீருமுன் பெயரைப் போட்டுப் புகழ்ந்தாலும் முறையில்லை, குறை சொன்னாலும் முறையில்லை.

களப்பின் குறுக்கே வீதியாகப் பண்ணைத் தாம்போதியும் மற்றத் தாம்போதிகளும் வந்து, தீவுகளுக்கு லொறிகள் ஓடத் தொடங்கியபின் வத்தைகளுக்கு ஏற்றம் குறைந்துகொண்டே போனது. எங்கள் வத்தை 1980களில் கடற்போக்குவரத்து இறுகியபோது கரையேற்றப்பட்டது. 1990களின் இடப்பெயர்வில் நாங்கள் ஊரை விட்டுப் போனபோதும் அது பூவரச மரத்தின் கீழ் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பாய்மரத்தைக் காணவில்லை. அது உறவினர் ஒருவரின் குசினிக் கூரையில் வளையாக இருந்தது. கேட்டோம், வீட்டைப் பிரிக்கும்போது தருவதாகச் சொன்னார்கள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வருகைக்குப் பட்டறையினர் பணம் வாங்கவில்லை. மரக்கலம் கட்டும் தச்சரான மூத்த ஓடாவியாரும் அவருடைய மகனும் வந்தார்கள். பட்டறையை நடத்துபவர் மகன், மரத்தில் கை வைப்பவர் தந்தை. ஓடாவியார் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல், ஒரு சிறிய சுத்தியலால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டியபடி வத்தையைச் சுற்றி வந்தார். நல்ல மரத்தில் சுத்தியல் துள்ளியது, சத்தமும் தெளிவாக எழுந்தது. உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கியது. அமுங்கிய இடங்களிலெல்லாம் கூரான குத்தூசியை அழுத்திப் பார்த்து, அது எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை விரலால் அளந்து, வெண்கட்டியால் வட்டம் போட்டார். நான் நினைத்திருந்ததற்கு மாறாக, ஒருகாலத்தில் கடலுக்குள் இருந்த அடிப்பலகைகளில் வட்டங்கள் குறைவாகவும், வானத்தைப் பார்த்துக் கிடந்த மேல்விளிம்பிலும் அணியம் எனும் முன்முனையின் உள்மூலையிலும் நிறையவும் இருந்தன.

"உப்புத் தண்ணி மரத்தைத் தின்னாது தம்பி, மழைத் தண்ணிதான் தின்னும்," என்றார்.

மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சணம் நன்னீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாத மூலைகளில்தான் செழிக்கும். உப்பு ஊறிய மரத்தில் அது எளிதில் பிடிக்காது. கடலில் மரத்துக்கு எமன் கப்பற்புழு. அது தண்ணீரை விட்டுக் கரையேறினால் செத்துப்போகும். ஆகவே, 30 ஆண்டுகளுக்கு மேல் வத்தையைக் கரையில் வைத்துப் பாதுகாத்ததாக நினைத்த நாங்கள், அதைப் புழுவிடமிருந்து மீட்டு மழையிடம் கொடுத்திருந்தோம். கலத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை இலுப்பை மரம். அதில் ஒரு வட்டமும் விழவில்லை. பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த சட்டங்களான 26 வங்குகளில் 11 மாற்றப்பட வேண்டும், பலகைகளில் 9 மாற்றப்பட வேண்டும் என்று எண்ணி, எந்தப் பலகை, எந்தப் பக்கம் என்பதையும் படம் கீறி ஒரு பக்கக் கடதாசியில் தந்தார்கள். 17 மாதத்தில் இந்தப் பட்டறை எங்களுக்குத் தந்த கடதாசிகளுள் முழுதாக நம்பக்கூடியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே மகன் வேறொரு யோசனையோடு வந்தார். உளுத்ததை மட்டும் மாற்றிவிட்டு, வெளிப்புறம் முழுவதையும் கண்ணாடியிழையால் போர்த்திவிடலாம், ஐந்து இலட்சம் மிச்சம், இனி ஒருநாளும் தண்ணீர் கசியாது என்றார். காரைநகரில் சீநோர் படகுத் தளம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் கரைகளில் அந்தப் படகுகளே நிறைந்துவிட்டதால், இந்த யோசனை இங்கே யாருக்கும் புதினமாகப் படாது. எங்களுக்கும் முதலில் நல்லதாகவே தோன்றியது. ஆனால் தொடக்கத்திலேயே கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட படகு வேறு, பலகை அடித்த பழைய கலத்தின்மேல் அதை ஒட்டுவது வேறு. பலகை நனைந்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டிய ஓடு அதோடு சேர்ந்து அசையாது. சில ஆண்டுகளில் ஒட்டு விடும், விட்ட இடத்தில் தண்ணீர் புகும், புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று மரத்தை அழுகவைக்கும். வெளியில் பெயின்ற் பளபளவென்று இருப்பதால் ஒருவருக்கும் தெரியவராது. இதை மகனுக்கு எடுத்துச் சொன்னவர் நான் அல்லன். ஓடாவியார் எங்கள் முன்னிலையிலேயே, "போர்த்திறதெண்டால் என்னை விடு, நீயே போர்த்து," என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். மகனைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. மாதம் இரண்டு கண்ணாடியிழைப் படகு திருத்தித்தான் அந்தப் பட்டறையில் அடுப்பு எரிகிறது. ஆயினும், பழைய கலத்தைக் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, விடையையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

மரவேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வங்குகளுக்குப் பூவரசு தேடினார்கள். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையாகப் பார்த்து, வளைவின் ஓட்டத்திலேயே அறுத்தால் நார் துண்டுபடாது என்பதற்காக, ஒரு வங்குக்காக நான்கு வளவுகள் ஏறி இறங்கிய நாள்களும் இருந்தன. பலகைக்கு வேம்பு. பலகைச் சந்துகளை அடைக்கும் கலப்பற்று வேலையை நான் மூன்று நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பருத்திப் பஞ்சைத் தொடையில் உருட்டித் திரியாக்கி, சந்தின் வாயில் வைத்து, மழுங்கிய உளியால் அங்குமிங்கும் குத்திச் சிறு சிறு மடிப்பாகப் பிடித்துக்கொண்டு, பிறகு மரச்சுத்தியலால் வரிசையாக அடித்து உள்ளே இறக்குகிறார்கள். பஞ்சு நிறைய நிறையச் சத்தம் மாறுகிறது; முதலில் பொத்தென்று விழும் அடி, நிறைந்ததும் கட்டையில் அடித்ததுபோல இறுகிக் கேட்கிறது. அதற்குமேலும் அடித்தால் பலகை விலகும் என்பதால், கை ஓயவேண்டிய இடத்தைக் காதுதான் சொல்கிறது. அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். பழைய முறைப்படி சுறா எண்ணெயும் பூசலாம் என்றார் ஓடாவியார். குடும்பத்தோடு ஏறுகிற கலம் என்பதை நினைவூட்டி, அந்த மணத்திலிருந்து தப்பினோம்.

பருவத்தைத்தான் பட்டறை தவறவிட்டது. தை, மாசியில் தொடங்கி ஆவணிக்குள் மரம் காய்ந்திருக்கும்போதே பெயின்ற் வேலையை முடித்திருக்க வேண்டும். 2022இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம்; மின்வெட்டினால் அறுவை வாள் பாதிநாள் ஓடவில்லை; பங்குனியில் ரூபா வீழ்ந்தபின் இறக்குமதியாகும் பெயின்றும் செப்பு ஆணியும் ஏறக்குறைய இரட்டை விலையாயின. இவற்றுக்குப் பட்டறை பொறுப்பில்லை. ஆனால் கார்த்திகை மழைக்குள், ஒரு படங்கை மேலே கட்டிவிட்டு, ஈரம் உலராத பலகையில் முதல் பூச்சை அடித்ததற்கு அவர்கள்தாம் பொறுப்பு. தைமாதம் வெயில் ஏறியதும் பெயின்ற் கொப்பளித்துத் தோல் உரிந்தது. அதைச் சுரண்டி மறுபடி பூசிய கூலியைத் தாங்களே ஏற்றார்கள். பெயின்றின் விலையை மட்டும் எங்கள் கணக்கில் எழுதினார்கள்.

இனிச் சொல்லப்போவது, சரக்குக் கலத்தைக் குடும்பக் கலமாக்க நினைக்கும் எவரும் முதலில் கேட்கவேண்டியது. இந்த மாற்றம் எங்கள் கரைக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்டுச் சரக்கு ஏற்றிய 89 அடி நீள 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் தம் உல்லாசப் பயணங்களுக்காக வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று மனைவியின் பெயரைச் சூட்ட, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938 ஆவணி தொடக்கத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கதையை ஊரில் சிறுபிள்ளையும் சொல்லும். ஆனால் சரக்குக்கென்று கட்டிய கலத்தில் சரக்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கேட்கவில்லை, பட்டறையும் சொல்லவில்லை.

எங்கள் வத்தை ஆறு தொன் விறகோடு ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. பாய்மரத்தின் உயரம், பாயின் அளவு, பக்கச் சுவரின் உயரம் எல்லாம் அந்தப் பாரம் அடியில் இருக்கிறது என்ற கணக்கில் அமைந்தவை. ஐந்து பேரும் ஒரு சோற்றுப் பானையும் மட்டும் ஏறினால் அது தண்ணீரின்மேல் தேங்காய் மட்டைபோல நிற்கும்; காற்று பாயைத் தொட்டவுடன் சாயும். 2023 புரட்டாதியில், சோழகக் காற்று தணிந்தபின் ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவை நோக்கிப் போன முதல் ஓட்டத்தில், மெல்லிய கச்சான் காற்றுக்கே வத்தை பக்கம் நனையச் சாய்ந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் என் மகளின் சட்டையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். பாயை இறக்கி, எஞ்சினில் திரும்பி வந்தோம்.

அடிப்பாரம் வேண்டும் என்று பட்டறை அதன்பிறகுதான் சொன்னது. முதலில் 40 மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மலிவு, அவ்வளவுதான் அதன் சிறப்பு. இரண்டு மாதத்தில் மூட்டைகள் நைந்து, மணல் ஒழுகி, வங்குகளின் அடியில் தண்ணீர் ஓடுவதற்கென்று விட்ட துளைகளை அடைத்து, பம்பியையும் கடித்துவிட்டது. சுண்ணாம்புக் கல் போடலாம் என்றார் மகன். நம் ஊர்ச் சுண்ணக்கல் இடத்தைப் பிடிக்குமே தவிர, அந்த அளவுக்குப் பாரம் தராது. கடைசியில் ஓடாவியார் சொன்னபடி, பழைய இரும்புத் துண்டுகளைத் தேடி, தார் பூசி, ஏராவின் இரு பக்கமும் படுக்க வைத்து, கலம் எவ்வளவு சாய்ந்தாலும் உருளாதபடி மேலே வேப்பஞ்சட்டம் குறுக்கே அறைந்து இறுக்கினோம். மொத்தம் ஒன்றே முக்கால் தொன். பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது; எங்கள் களப்பில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருப்பதால், கலம் ஒரு சாண் கூடத் தாழ்ந்தால் போகக்கூடிய இடங்கள் பாதியாகிவிடும். இரும்பு வைத்த பின் வத்தை வேறு கலமாகிவிட்டது. சாய்கிறது, சாய்ந்த இடத்தில் நிற்கிறது, காற்று விட்டதும் நிமிர்கிறது.

நீரில் இறக்கிய இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிமாதம், கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து இறக்கினோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வத்தை விளிம்புவரை தண்ணீர் நிறைந்து, சுக்கான் தலை மட்டும் வெளியே தெரிய, அமிழ்ந்து கிடந்தது. என் தங்கை அழுதேவிட்டாள். ஓடாவியார் கரையில் குந்தியிருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். காய்ந்த பலகை ஊறிப் பருத்துச் சந்துகள் இறுகும்வரை மூன்று நான்கு நாள் அமிழ்த்தி வைப்பது வழக்கம் என்றும், எஞ்சினை முதல்நாளே கழற்றி வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஐந்தாம் நாள் தண்ணீரை இறைத்தபின், நாளொன்றுக்கு இரண்டு வாளிக்குமேல் கசியவில்லை. வேலை சரிதான். ஆனால் முதல்நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால், ஒரு குடும்பம் காலைச் சாப்பாட்டை விட்டிருக்காது. இந்தப் பட்டறையின் குறைகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை. அவர்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

பாய் விடயத்தில் அவர்களின் யோசனையை மனதாரப் பாராட்டுகிறேன். பாயைத் தாங்கும் பழைய பருமல் கலத்தைவிட நீளமான மூங்கில்; ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் அதைப் பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக ஐந்து ஆண்கள் தேவைப்பட்டார்கள் என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு 71 வயது, மகளுக்கு 11. பருமலைக் கால்வாசி குறைத்து, பாயின் பரப்பையும் அதற்கேற்பச் சுருக்கி, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கு இரட்டைக் கப்பி போட்டுத் தந்தார்கள். இப்போது இரண்டு பேர் போதும், அவர்களில் ஒருவர் மகளாகவும் இருக்கலாம். வேகம் குறைந்ததுதான். நெடுந்தீவுக்கு யார் முந்திப் போவது என்று எங்களோடு ஒருவரும் பந்தயம் கட்டவில்லை. முதற்பாயைப் படங்குத் துணியில் தைத்தது மட்டும் பிழை. ஒரே பருவத்தில் இழுபட்டுச் சாக்குப்போலத் தொங்கியது. இரண்டாம் பாயை நகரத்தில் கூடாரம் தைக்கும் ஒருவரிடம் கொடுத்து நாங்களே தைப்பித்தோம்.

உள்ளமைப்பில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஓரத்தில் பொருத்திய இரும்புக் குழாய்க் கைபிடி முழங்காலுக்குக் கீழே நின்றது. அந்த உயரத்தில் அது ஆளைத் தாங்காது, தடக்கித்தான் விழுத்தும். உயர்த்திக் கேட்டோம், உயர்த்தித் தந்தார்கள். இரண்டாவது பாரதூரமானது: சமையல் எரிவாயுக் கொள்கலனை வெயில் படாத இடம் என்று சொல்லித் தட்டின் கீழே, எஞ்சினுக்கான பெற்றோல் கானுக்கு அருகில் வைத்திருந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது; கசிந்தால் மேலே கலைந்துபோகாமல் கலத்தின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். வீட்டுக் குசினியில் திறந்திருக்கும் கதவு செய்கிற உதவியைப் படகில் எதுவும் செய்யாது. கொள்கலனை மேல்தட்டில், அடியில் துளையிட்டு அந்தத் துளை கடலுக்குத் திறக்கும் மரப்பெட்டிக்குள் மாற்றச் சொன்னோம். நாங்கள் கேட்டிராவிட்டால் அது அங்கேயே இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போது, இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கு எழுதும் முறை மோசம். 'மரம், ஆணி, கூலி' என்று ஒரே வரியில் எழுதி, கீழே ஒரு தொகையைப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருகிறார்கள். ஐந்தாவது துண்டுக்குப் பிறகு நான் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, வந்த மரத்தையும் ஆணியின் எடையையும் ஆள்நாளையும் திகதியோடு எழுதச் சொன்னேன். எழுதினார்கள், அதன்பின் செலவும் குறைந்தது என்பதை வேறு விளக்கமின்றி இங்கே பதிகிறேன். ஓடாவியாரின் நாட்கூலி, அவர் செய்த வேலைக்குக் குறைவு என்பதே என் எண்ணம்.

ஆணி விடயத்துக்கு வருகிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே செப்பு ஆணி என்பது பேச்சு. சென்ற ஆண்டு கரையேற்றிப் பார்த்தபோது இடப்பக்கம் மூன்று பலகைகளில், ஆணித்தலை இருக்கவேண்டிய இடங்களில் துருவின் செங்கோடுகள் வழிந்திருந்தன. இரும்பு ஆணி உப்பில் அரிக்கப்படும்போது தான் மட்டும் போகாது. சுற்றியுள்ள மரத்தையும் கறுத்துத் தளரவைத்துவிடும். விலை ஏறிய மாதங்களில் செப்பு தீர்ந்துபோய், யாரோ ஒரு வேலையாள் கையில் கிடைத்ததை அறைந்திருக்கலாம். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. கொப்பி வருவதற்கு முந்திய மாதங்கள் அவை என்பதால், எத்தனை கிலோ செப்பு வந்தது என்று காட்ட இரு தரப்பிடமும் எழுத்து இல்லை. மாற்றித் தருவதாக மகன் ஒப்புக்கொண்டார். செப்பின் விலையை யார் கொடுப்பது என்பதுதான் இழுபடுகிறது. ஓடாவியார் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. போன கிழமை நான் போனபோது, எங்கள் மூன்று பலகைகளின் அளவுக்கு வேப்பம் பலகை அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து நிழலில் காயப் போட்டிருந்தார். மாசிக்குள் காய்ந்துவிடும் என்றார்.